‘இஃப்’ வாக்கியங்களைக் கற்பித்த ஒரு மாடி வகுப்பு

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்தில், ஒரு கடைவீட்டின் மாடியில் நடக்கும் ஆங்கில டியூஷன் வகுப்பில், ஐந்தாம் படிவம் பயிலும் என் மகளை இவ்வாண்டுத் தொடக்கத்தில் சேர்த்தேன். நாளைய மழையைப் பற்றி எழுதும்போதெல்லாம் அவள் “இஃப் இட் வில் ரெயின்” என்றே எழுதிவந்தாள். வரப்போவதைச் சொல்வதால் ‘வில்’ வேண்டும் என்பது அவள் வாதம். முன்பு சென்ற வேறொரு வகுப்பில் ‘இஃப்’ வாக்கியங்களை முதல் வகை, இரண்டாம் வகை, மூன்றாம் வகை என அட்டவணையை மனப்பாடம் செய்ய வைத்தார்கள். அதை ஒப்பிக்கத் தெரிந்தும் ஐந்தாம் படிவ இறுதித் தேர்வான எஸ்பிஎம்மின் பயிற்சிக் கட்டுரைகளில் பிழை குறையவில்லை.

இங்குள்ள ஆசிரியை பலகையில் முதலில் எழுதியது ஒரு தமிழ் வாக்கியம்: “நாளை மழை பெய்தால் பால்மரம் சீவ முடியாது.” ரப்பர் மரத்தின் பட்டை நனைந்தால் பால் வெட்டுக்கோட்டை விட்டு வழிந்து வீணாகும் என்பது தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ‘பெய்தது’ என்பதில் உள்ள அதே இறந்தகால அடிதான் ‘பெய்தால்’ என்பதிலும் இருக்கிறது, ஆனால் மழையோ நாளைக்கு உரியது என்று அவர் சுட்டிக்காட்டியபோது, பின்வரிசையில் அமர்ந்திருந்த நானும் முதன்முறையாக அதைக் கவனித்தேன். மலாயில் ‘இஃப்’ என்பதற்கு ஈடான ‘கலாவ்’ வந்தபின் வினைச்சொல் மாறுவதே இல்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

அதன்பின் ஆங்கிலத்துக்கு வந்தார். நடக்கக்கூடியதற்கு “இஃப் இட் ரெயின்ஸ்”. வாக்கியத்தின் மறுபகுதியில் ‘வில்’ இருக்கும், ஆனால் ‘இஃப்’ பகுதிக்குள் நுழையாது. “இஃப் ஐ வேர் த மேனேஜர், ஐ வுட் ரிப்பேர் த ரோட்” என்பதில் ‘வேர்’ காட்டுவது கடந்த காலத்தை அன்று, நடப்புக்கும் கற்பனைக்கும் உள்ள தொலைவை. நேற்றே முடிந்துபோனதற்கு “இஃப் இட் ஹேட் ரெயின்ட்”. தமிழில் ‘பெய்திருந்தால்’ என ‘இரு’ செய்யும் வேலையை அங்கே ‘ஹேட்’ செய்கிறது. இந்த ஒப்பீடுதான் வகுப்பின் பெரும் பலம் என்பேன்.

ரப்பர் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், இவ்வூரில் பிறந்த அரசியல் தலைவர் துன் சம்பந்தன், தொழிலாளர்கள் பணம் சேர்த்துத் தோட்டங்களை வாங்குவதற்காக 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியிராவிட்டால் இன்று நிலைமை எப்படி இருக்கும் என்று எழுதச் சொன்னதும் அருமையான பயிற்சி. ‘இஃப்’ பகுதியில் ‘ஹேட் நாட்’, மறுபகுதியில் இன்றைக்குரிய ‘வுட் பி’ என இரு காலங்கள் கலக்கும் இக்கடினமான பகுதியைக் கடைசிப் பத்து நிமிடங்களில் அவசரமாக முடித்ததுதான் குறை. பணிவாகக் கேட்கும் “இஃப் யூ வில் வெயிட் ஹியர்” என்பதில் மட்டும் ‘வில்’ எப்படி வருகிறது என்று என் மகள் கேட்டபோது, தேர்வுக்கு அது வேண்டாம் என்று கடந்துவிட்டார். அங்கே ‘வில்’ குறிப்பது காலத்தை அன்று, இசைவை என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

மாதக் கட்டணம் 70 வெள்ளி (ரிங்கிட்). கட்டுரைகளை ஆசிரியையே திருத்தி, பிழைக்குப் பக்கத்தில் காரணத்தையும் எழுதித் தருகிறார். அடுத்த ஆண்டு மகனையும் இங்கேயே சேர்க்கவிருக்கிறேன்.