கோடை ஏரிக் காற்றுக்கு விங்கா, பாயா?

ரொறன்ரோவில் பழைய விண்ட்சேர்ஃபிங்காரர்களைக் கேட்டால், ஜூலையும் ஓகஸ்ட்டும் வீட்டில் புல்லு வெட்டுகிற மாதங்கள் என்பார்கள். அவர்களுக்குச் சீசன் என்றால் வசந்தமும் இலையுதிர்காலமும்தான். கை விறைக்கிற குளிரில், தடித்த வெட்சூட் (குளிர் தாங்கும் ரப்பர் உடை) போட்டுக்கொண்டு, 20 நொட்டுக்கு, அதாவது மணிக்கு 37 கிலோமீற்றருக்கு மேல் அடிக்கிற காற்றில் ஓடினால்தான் அவர்களுக்குத் திருப்தி. நானும் நெடுங்காலம் அந்தக் கட்சிதான். போன வருடம் வீடு மாறி, சாமான் வைக்கிற இடம் பாதியாகச் சுருங்கியபோது விண்ட்சேர்ஃபிங் சாமான், விங் ஃபொயிலிங் சாமான் இரண்டில் ஒன்றைத்தான் வைத்திருக்கலாம் என்று ஆகிவிட்டது. விங்கை வைத்துக்கொண்டேன். பாய்களில் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் கைமாறிப் போயின. ஆனால் எல்லாரும் இதைத்தான் செய்ய வேண்டும் என்றில்லை. விண்ட்சேர்ஃபிங்கே பொருந்துகிற ஆட்களும் உண்டு, அதையும் இடையில் சொல்கிறேன்.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. விண்ட்சேர்ஃபிங்கில் பாய்மரம் எந்தப் பக்கமும் சாயக்கூடிய ஒரு மூட்டால் பலகையோடு பூட்டப்பட்டிருக்கும். பலகை நீரின் மேல் வழுக்கி ஓடும். விங் ஃபொயிலிங்கில் காற்றடித்த சிறகு ஒன்றை இரண்டு கையாலும் பிடித்திருப்போம். அதற்கும் பலகைக்கும் தொடர்பில்லை. பலகையின் அடியில் முக்கால் மீற்றர் நீளத்தில் ஒரு தண்டும் அதன் நுனியில் ஒரு சிறு இறக்கையும் இருக்கும், இதுதான் ஃபொயில். வேகம் வந்ததும் அந்த இறக்கை நம்மையும் பலகையையும் சேர்த்து நீருக்கு மேலே தூக்கிவிடும். ரொறன்ரோ ஏரிக்கரையிலுள்ள செரி பீச்சில் விங்கைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நடந்தபோது, பார்பிக்யூ போட வந்திருந்த நம்மவர் ஒருவர், "தம்பி, உது என்ன, பரசூட்டே?" என்று கேட்டார். "இல்லை ஐயா, பாய்தான். மரம் இல்லாத பாய்" என்றேன். "அப்ப என்னத்தில நிக்கும்?" என்றார். நியாயமான கேள்விதான்.

வெளிப்படையான விஷயங்களைச் சட்டென்று முடித்துவிடலாம். தூக்கிப் போவதில் விங் வெல்லும். மடித்தால் ஒரு முதுகுப்பை, அதோடு ஆறடிக்கும் குறைந்த பலகை; சின்னக் காருக்குள்ளேயே அடங்கிவிடும். விண்ட்சேர்ஃபிங்குக்குக் கூரையில் ராக் வேண்டும். பூட்டி முடிக்கிற நேரத்திலும் விங்தான் முந்தும். விலையில் கதை தலைகீழ். புதிதாக முழு விங் செற் வாங்கினால் சில ஆயிரம் டொலர் இல்லாமல் கடையை விட்டு வெளியே வர முடியாது. பழைய விண்ட்சேர்ஃபிங் செற் சில நூறு டொலருக்கே கிடைக்கும், சிலர் கராஜைக் காலி செய்ய வேண்டும் என்று சும்மாவே தருவார்கள். பலத்த காற்றில் கிடைக்கிற அந்த வெறித்தனமான ஓட்டம் விண்ட்சேர்ஃபிங்கின் சொத்து. அதில் எனக்கு வாதமே இல்லை.

ஆனால் இவை எதுவும் என் முடிவைத் தீர்மானிக்கவில்லை. தீர்மானித்தது காற்றில் விழுகிற குழிகள், அதாவது காற்று திடீரென்று தளர்கிற நேரங்கள்.

ஒன்ராறியோ ஏரி ஏறக்குறைய 19,000 சதுர கிலோமீற்றர். சராசரி ஆழம் 86 மீற்றர். அவ்வளவு தண்ணீர் சூடேற நாளாகும். ஜூன், ஜூலை மத்தியானத்தில் நகரம் கொதிக்கும்போதும் ஏரி குளிர்ந்தே கிடக்கும். நிலத்தின் சூட்டுக் காற்று மேலே எழும்ப, அந்த இடத்தை நிரப்ப ஏரியிலிருந்து குளிர்காற்று உள்ளே வரும். நல்ல வெயில் நாட்களில் எங்களுக்குக் கிடைப்பது இந்த ஏரிக்காற்றுத்தான். மதியத்துக்குப் பிறகு தொடங்கி, 8 முதல் 12 நொட் வரை வீசி, பொழுது சாய ஓய்ந்துவிடும். தென்மேற்குக் காற்றும் சேர்ந்துகொண்டால் 15, அதிர்ஷ்டம் இருந்தால் 18. ஒரு நொட் என்பது மணிக்கு 1.85 கிலோமீற்றர். அப்படிப் பார்த்தால் 12 நொட் என்பது வீட்டுக்கு வெளியே காயப்போட்ட துணி நன்றாக அடித்துக்கொள்கிற காற்று, அவ்வளவுதான்.

அந்த 12-உம் சராசரிக் கணக்கு. நீரில் நிற்கிறவனுக்கு அது 15 ஆக வந்து, 8 ஆக விழுந்து, மறுபடி 14 ஆக எழும். செரி பீச்சில் இது இன்னும் மோசம். எதிரே லெஸ்லி ஸ்ட்ரீட் ஸ்பிட் கிடக்கிறது: நகரத்துக் கட்டட இடிபாடுகளைக் கொட்டிக் கொட்டி உண்டாக்கிய, ஐந்து கிலோமீற்றர் நீளத்துக்கு ஏரிக்குள் நீளும் திட்டு. அதில் கொட்டன்வூட் மரங்கள் காடாக வளர்ந்துவிட்டன. தெற்கிலிருந்து வருகிற காற்று அந்த மரங்களில் இடறி, துண்டு துண்டாகத்தான் எங்கள் பக்கம் வந்து சேரும்.

இப்போது 7.8 சதுர மீற்றர் பாயோடு அந்தக் காற்றில் நிற்பதை யோசித்துப் பாருங்கள். 15 நொட் வீச்சு ஒன்று வருகிறது. பலகை தன் முன்னலையைத் தாண்டி ஏறி வழுக்கத் தொடங்குகிறது. ஹார்னஸை (பாயின் கயிற்றில் கொளுவுகிற இடுப்புப் பட்டியை) மாட்டி, கால்களைப் பட்டிகளுக்குள் நுழைத்தால், பலகைக்கு அடியிலுள்ள ஃபின் என்கிற செட்டை மெல்ல முனகும். சுகம். இருநூறு மீற்றர் போவதற்குள் குழி. முதலில் ஹார்னஸ் கயிறு தளரும். அப்புறம் முனகல் நிற்கும். வால் தாழ்ந்து, மூக்குக்கு முன்னே ஒரு அலை குவியும், பிறகு அந்த அலையைத் தள்ளிக்கொண்டு நிற்பதுதான் வேலை. சிக்கல் என்னவென்றால், வழுக்கிக்கொண்டே இருப்பதற்கு வேண்டியதைவிட, வழுக்கலில் ஏறுவதற்குக் கூடுதல் காற்று வேண்டும். ஒரு தடவை விழுந்தால், சராசரிக் காற்று வந்தாலும் போதாது. அடுத்த பெரிய வீச்சு வரும்வரை காத்திருக்க வேண்டும். அவ்வளவு பெரிய பாயை இழுத்து இழுத்துப் பம்ப் பண்ணியும் ஏற்றலாம். ஒரு மணி நேரத்தில் முழங்கை சொல்லும்.

ஃபொயிலிலும் எழும்புவதற்குத்தான் கூடுதல் விசை வேண்டும். ஆனால் எழும்பிய பிறகு நீருக்குள் இருப்பது மெல்லிய தண்டும் சிறு இறக்கையும் மட்டுமே. நீர் காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தி என்பதால் அந்தச் சிறு இறக்கை ஓர் ஆளைத் தாராளமாகத் தாங்கும். பலகை நீரைத் தொடாததால் இழுவை சடாரென்று குறைந்துவிடும். 15-இல் எழும்பினால் 8-இலும் விழாமல் போகலாம். குழி வருகிறது என்பதைக் கையில் விங் இலேசாவதிலிருந்தே அறியலாம். அப்போது காற்றோடு சற்றே இறங்கித் திரும்பி, காலால் இரண்டு மூன்று அழுத்து அழுத்தி, நீர் எங்கே கருத்துச் சுருங்கித் தெரிகிறதோ அந்த இடத்தைப் பார்த்துப் போக வேண்டும். அந்தக் கருமைதான் அடுத்த வீச்சு. அதைப் போய்ப் பிடிக்கும்வரை பறப்பு விடாமல் இருந்தால் போதும். அதே ஏரியில், அதே மாலையில், பாய்க்காரர் நிற்கிற இடத்தில் விங்காரர் கடந்து போவதற்கு இதுதான் காரணம். எதிர்வுகூறலில் எத்தனை நொட் என்பதைவிட, விழுந்தால் திரும்ப எழும்ப எவ்வளவு வேண்டும் என்பதுதான் கோடைக் கணக்கு.

இன்னொரு சௌகரியமும் இதிலிருந்தே வருகிறது. என் எடை 75 கிலோ சொச்சம். 5 சதுர மீற்றர் விங் ஒன்றே 12 முதல் 20 நொட் வரை என்னைத் தாங்குகிறது. அதற்குக் கீழே போனால் 6. விண்ட்சேர்ஃபிங்கில் அதே அளவுக்கு மூன்று பாய் வைத்திருந்தேன். 7.8 பூட்டி இறங்கிய பிறகு காற்று ஏறினால் கரைக்கு வந்து 6.5-ஐப் பூட்ட வேண்டும். பூட்டி முடிக்கக் காற்று இறங்கிவிடும். வேலை முடிந்து வந்து, இருட்டுவதற்குள் இரண்டு மணி நேரம் கிடைக்கிற ஆளுக்கு இது பெரிய இழப்பு.

சரி, விங்குக்கு எதிரானவையும் இருக்கின்றன. முதலாவது பாசி. ஜூன் முடிவிலிருந்து கரையோரமெங்கும் கிளடோஃபோரா என்கிற பச்சை நூற்பாசி வளரும். குவாகா மட்டிகள் ஏரிக்குள் குடியேறி நீரை வடித்துத் தெளிய வைத்ததால் வெயில் இன்னும் ஆழத்துக்குப் போகிறது, பாசியும் ஆழத்தில் வளர்கிறது. தெளிந்த தண்ணீரைப் பார்த்து மகிழ முடியாத நிலை. அலையில் அறுந்து மிதக்கிற ஒரு கற்றை ஃபொயிலில் சுற்றினால், பிரேக் பிடித்தது போலப் பலகையின் மூக்குக் குத்திக்கொள்ளும். நீரில் இறங்கி, பலகையைக் கவிழ்த்து, தண்டைச் சுற்றிய பாசியை விரலால் வழித்தெடுத்துவிட்டுத்தான் மறுபடி எழும்பலாம். வழித்துவிட்டுப் பத்து மீற்றரில் அடுத்த கற்றை. விண்ட்சேர்ஃபிங்கில் பின்னோக்கிச் சாய்ந்த பாசி ஃபின் ஒன்றைப் பூட்டினால் பாசி தானாகவே வழுக்கிப் போய்விடும். இந்த ஒரு விஷயத்தில் ஃபொயிலுக்குத் தகுந்த மருந்தை நான் இன்னும் காணவில்லை. கரையை விட்டு ஆழத்துக்குச் சீக்கிரம் போய்விடுவதுதான் நான் செய்வது.

இரண்டாவது, திரும்பி வருவது. ஏரிக்காற்று சொல்லாமல் செத்துவிடும். அப்போது பெரிய விண்ட்சேர்ஃபிங் பலகை என்றால் பாயைத் தூக்கி நிமிர்த்தி, சும்மா நின்றபடியே மெதுவாகக் கரை சேரலாம். 95 லீற்றர் கொள்ளளவுள்ள விங் பலகையில் காற்றில்லாமல் நிற்கவே முடியாது. குப்புறப் படுத்து, விங்கைக் காலில் கட்டி இழுத்துக்கொண்டு, கையால் துடுப்புப் போட வேண்டும். அரைக் கிலோமீற்றர் அப்படி வந்தால் தோள் கழன்றுவிடும். அதனால் மாலையில் கரைக்குக் கிட்டவே சுற்றுவதும், உயிர்காப்பு அங்கியைக் கழற்றாமல் இருப்பதும் பழக்கமாகிவிட்டது.

குளிர்நீரும் உண்டு, அது இரண்டுக்கும் பொது. மேற்குக் காற்று இரண்டு மூன்று நாள் விடாமல் பலமாக அடித்தால், வடகரையின் மேல்நீர் தெற்கே விலகி, அடியிலிருந்த குளிர்நீர் மேலே வரும். 20 பாகையில் குளித்த இடம் ஓரிரு நாளில் 10 பாகைக்குக் கீழே போய்விடும். நல்ல காற்று வந்த கையோடு இதுவும் வருவதுதான் கொடுமை. ஓகஸ்ட்டிலும் காரில் வெட்சூட் கிடக்கட்டும்.

பழகுவதற்கு எது சுலபம் என்றால், சந்தேகமில்லாமல் விண்ட்சேர்ஃபிங். 200 லீற்றர் பலகையும் சின்னப் பாயுமாக, 6 நொட்டில், இடுப்பளவு நீரில் ஒரு நாளிலேயே போய்த் திரும்பிவிடலாம். என் மகள் அப்படித்தான் தொடங்கினாள். ஃபொயிலுக்கு அதைவிடக் காற்றும் வேண்டும், ஆழமும் வேண்டும். தண்டு தரையில் இடிக்காத இடம்வரை நடந்து போய்த்தான் ஏறவே முடியும். ஹெல்மெட் இல்லாமல் இறங்கக் கூடாது, அந்த இறக்கையின் விளிம்பு லேசுப்பட்டதல்ல. சிறு பிள்ளைகளுக்கு விங் பழக்கிய அனுபவம் எனக்கில்லை, அதனால் எந்த வயது சரி என்று சொல்ல மாட்டேன். குடும்பமாக ஏரிக்குப் போய் எல்லாரும் மாறி மாறி ஏற வேண்டும் என்றால் விங்கைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், பெரிய பலகை ஒன்றும் பாய் ஒன்றும் போதும்.

பராமரிப்பில் நன்னீர் ஏரி பெரிய உபகாரி. கடலில் என்றால் அலுமினியத் தண்டுக்குள் ஆணி உப்புப் பிடித்து இறுகிவிடும் என்று தினமும் கழற்ற வேண்டும். இங்கே கொஞ்சம் கிரீஸ் பூசிவிட்டால் அந்தக் கவலை குறைவு. விங் துணிக்கு எதிரி வெயில்தான். ஓய்வெடுக்கும்போது மணலில் விரித்துப் போட்டுவிட்டுப் போனால் ஆயுள் வேகமாகக் குறையும். பாய்க்கும் வெயில் ஆகாதுதான், ஆனாலும் கவனமாக வைத்திருந்தால் பாய் விங்கைவிட நெடுநாள் உழைக்கிறது. விங் பழசாகும் வேகத்தைப் பார்த்தால், புதிதாக வாங்குவதற்கு எனக்கு மனம் வருவதில்லை.

விண்ட்சேர்ஃபிங்கிலும் ஃபொயில் உண்டே என்று கேட்பீர்கள். உண்டு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆர்எஸ்:எக்ஸ் என்கிற பழைய விண்ட்சேர்ஃபிங் வகுப்புக்குப் பதிலாக ஐக்யூஃபொயில் என்கிற ஃபொயில் வகுப்பு வந்து, மார்செய் கடலில் பந்தயம் நடந்தது. குழிகளைத் தாண்டுகிற அதே நன்மை அதற்கும் இருக்கிறது. நண்பரிடம் இரவல் வாங்கிச் சில மாலைகள்தான் ஓடினேன். பாய் பெரிது, மரம் நீளம், விழுந்தால் மேலே விழ இரும்புச்சாமான் போலக் கனமானது நிறைய. அதற்குமேல் தீர்ப்புச் சொல்கிற அளவுக்குப் பழக்கமில்லை. ஏற்கெனவே பாய்கள் வைத்திருப்பவர் பலகையையும் ஃபொயிலையும் மட்டும் வாங்கிப் பார்ப்பதில் தப்பில்லை.

விங் பக்கம் வருவதானால் ஃபொயிலில் பெரிய முன்னிறக்கையாகப் பாருங்கள், 1,700 சதுர சென்ரிமீற்றர் அளவில். உங்கள் எடை எத்தனை கிலோவோ, பலகை அதைவிட 20, 25 கூடுதலான லீற்றரில் இருக்கட்டும். விங்கைப் பழசாக வாங்குங்கள், ஆனால் வாங்குவதற்கு முன் காற்றடித்து அரை மணி நேரம் அப்படியே வைத்து, இறங்குகிறதா என்று பாருங்கள். செப்டெம்பர் கடைசியில் விலை இறங்கும். கோடை நடுவில் நல்ல சாமானை யாரும் விற்க மாட்டார்கள்.