சிங்கப்பூர் கிளம்பும் முன் காரைக்குடியில் முடித்த கணக்கு வழக்குகள்

காலமான என் தம்பியின் மகன் சிங்கப்பூரில் வேலைக்கு வரவிருப்பதால், இம்முறை ஊருக்குச் சென்றபோது அவனுடைய வங்கி, வரி, சொத்துக் காரியங்களை முடித்து வைப்பதற்காகவே காரைக்குடியில் தங்கினேன். இங்கே இருக்கும்போது ஒரு கையெழுத்தில் முடிகிற வேலை, கடல் கடந்த பிறகு தூதரகம், கூரியர், ஓ.டி.பி. என்று மாதக்கணக்கில் இழுக்கும் என்பதால், கிளம்புகிறவர்கள் இதைக் கடைசி வாரத்திற்கு ஒத்திப்போடக் கூடாது.

முதலில் வங்கி. வெளிநாட்டு வேலைக்காக நாட்டை விட்டுச் செல்பவர் தமது சாதாரணச் சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக, அதாவது வெளிநாடு வாழ்பவரின் உள்ளூர் வருமானத்துக்கான கணக்காக, மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது அந்நியச் செலாவணி விதி. ஆனால் நாங்கள் சென்ற கிளையின் முதல் கவுண்டரில், "இருக்கிற கணக்கே போதும் சார், போன பிறகு பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டார்கள். இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1937 பிப்ரவரி 10 அன்று காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று இடங்களிலும் ஒரே நாளில் தொடங்கப்பட்டது. நாங்கள் சென்றது வேறொரு வங்கிதான் என்றாலும், கடல் கடந்து கிளை விரித்த வங்கி பிறந்த இப்படியொரு ஊரில் இக்கேள்விக்குத் தவறான பதில் வருவது எனக்கு வருத்தமாகவே இருந்தது. உள்ளே இருந்த உதவி மேலாளர் பொறுமையாக உட்காரவைத்து, கணக்கு மாற்றும் படிவத்தை எடுத்துக் கொடுத்து, பாஸ்போர்ட், வேலை அனுமதிக் கடிதம் ஆகியவற்றின் நகல்களைச் சரிபார்த்தார். மின்கட்டணமும் வீட்டு வரியும் கட்டுவதற்காக, அவனுடைய அம்மா அக்கணக்கிலிருந்து பணம் எடுக்க அதிகாரமளிக்கும் கடிதத்தையும் அவரே கேட்டு வாங்கினார். அவனது இந்தியக் கைபேசி எண்ணை ரோமிங்கில் உயிரோடு வைத்திருக்கவும் சொன்னார். ஆதாருக்கான ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் வரும்.

ஆடிட்டர் அலுவலகத்தில் கழித்த ஒரு மணி நேரம்தான் இப்பயணத்திலேயே மிகுந்த பயன் தந்தது. அவர் சுவரிலிருந்த நாள்காட்டியைக் கழற்றி மேசைமேல் வைத்து, ஏப்ரல் 1 முதல் விரலால் எண்ணிக் காட்டினார். வேலைக்காக வெளிநாடு செல்லும் இந்தியக் குடிமகன், அந்த நிதியாண்டில் இந்தியாவில் இருந்த நாள்கள் 182-ஐ எட்டாவிட்டால், அவ்வாண்டுக்கு வெளிநாடு வாழ்பவராகவே கருதப்படுவார். அங்கே வேலை செய்து அங்கேயே பெறும் சம்பளத்துக்கு இங்கே வரி இல்லை. "செப்டம்பர் 28-க்குள்ள விமானம் ஏறிடுங்க தம்பி" என்றார். அக்டோபரில் கிளம்பினால் சிங்கப்பூர்ச் சம்பளத்தையும் இங்குள்ள வருமான வரிக் கணக்கில் காட்டி, இரட்டை வரி விதிப்புத் தவிர்ப்பு ஒப்பந்தத்தின்படி அங்கே கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள வேண்டியிருக்கும். சிங்கப்பூரில் வரி விகிதம் குறைவு என்பதால் மீதியை இங்கே கட்ட நேரும். வேலையில் சேரும் தேதியை நிறுவனத்துடன் பேசி முடிவு செய்யும்போதே இதையும் மனத்தில் கொள்வது நல்லது.

செக்காலை ரோட்டுக் கடை வாடகையைப் பற்றியும் அவரே எடுத்துச் சொன்னார். உரிமையாளர் வெளிநாடு வாழ்பவராகிவிட்டால், வாடகைதாரர் 30 சதவீத வரியும் அவ்வரியின்மேல் 4 சதவீத செஸ் எனும் கூடுதல் வரியும் பிடித்துக்கொண்டே வாடகை தர வேண்டும். அதிகமாகப் பிடித்ததைக் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் வாடகைதாரருக்கும் நமக்கும் மனக்கசப்புத்தான் வரும்.

வீட்டுப் பங்குக்காகச் சார்பதிவாளர் அலுவலகம் சென்றோம். செட்டிநாட்டு வீடுகளில் பங்காளிகள் பலர் என்பதால், கூரை ஓடுகளைப் பழுது பார்ப்பதற்குக்கூட எல்லோருடைய சம்மதமும் வேண்டியிருக்கிறது. அவன் தன் அம்மா பெயருக்குப் பவர் பத்திரம் எழுதிப் பதிவு செய்துவிட்டான். காத்திருப்பு நீண்டது, ஆனால் ஊழியர்கள் மரியாதையாக நடத்தினார்கள். அதையே வெளிநாட்டில் எழுதியிருந்தால், தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்பி, இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணமும் செலுத்த வேண்டும்.

சிங்கப்பூர் வந்தபின் அவன் செய்ய வேண்டியது என்.ஆர்.இ. கணக்கு திறப்பது மட்டுமே. அங்கிருந்து அனுப்பும் சம்பளப் பணம் அதில் இருந்தால் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை, எப்போது வேண்டுமானாலும் வரம்பின்றித் திரும்ப எடுத்துச் செல்லலாம். வாடகை போன்ற உள்ளூர் வருமானம் என்.ஆர்.ஓ. கணக்கில்தான் சேர வேண்டும். அதிலிருந்து வரி கட்டியபின் நிதியாண்டுக்கு 10 லட்சம் அமெரிக்க டாலர் வரை வெளியே அனுப்பலாம்.