எடை குறைப்பு ஆபரேஷன் பண்ணப் போறீங்களா? "ஆஃப்டர் கேர் பேக்கேஜ்"னு போன் வந்தா உஷார், எனக்கு 72,000 போச்சு

இன்னைக்கு காலைல மறுபடியும் அக்கவுண்ட்ல இருந்து 6,000 பிடிச்சிட்டாங்க. மாசம் 6,000, 12 மாசம், மொத்தம் 72,000. எதுக்குன்னா, யாருமே எனக்குச் செய்யாத ஒரு சர்வீஸுக்கு. கோவத்துல டைப் பண்றேன், பிழை இருந்தா பொறுத்துக்கோங்க.

முதல்லயே சொல்லிடுறேன், ஆபரேஷன்ல ஒரு குறையும் இல்ல. பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவுன்னு பார்க்கிற கணக்கு) 41, சுகர், தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வர்ற பிரச்சனை வேற, அதனால சென்னைல ஸ்லீவ் பண்ணிக்கிட்டேன், வயித்துல முக்கால்வாசிக்கு மேல வெட்டி எடுத்துட்டு ஒரு குழாய் அளவுக்கு விடுவாங்கல்ல, அது. இன்சூரன்ஸும் பெரும்பாலும் வந்துடுச்சு. டாக்டர் தங்கமான மனுஷன். என்னை ஏமாத்தினது நடுவுல புகுந்த ஆளுங்க, "ஆபரேஷன்னா அலைய வேண்டாம், எல்லாம் நாங்க பார்த்துக்கறோம்"னு விளம்பரம் போடுறாங்களே, அந்த மாதிரி ஒரு ஆப் கம்பெனி.

அந்த கோஆர்டினேட்டர் பொண்ணு பேசின விதம் இருக்கே. மத்த இடத்துல எல்லாம் எடுத்ததும் "எத்தனை கிலோ மேடம்"தான். இவ மட்டும் "அக்கா, நைட் மல்லாந்து படுக்க முடியுதா, பகல்ல உக்காந்தபடியே தூங்கிடுறீங்களா"ன்னு கேட்டா. எங்க வீட்டுலயே என் குறட்டையை வச்சு சிரிப்பாங்களே ஒழிய இப்படி யாரும் கேட்டதில்ல. அங்கதான் விழுந்தேன். அப்புறம் "திருச்சில இருந்து மாசாமாசம் சென்னை வர முடியுமாக்கா, ஒரு வருஷம் டயட்டீஷியன் வாட்ஸ்அப்லயே இருப்பாங்க, புரோட்டீன் பவுடர் விட்டமின் எல்லாம் வீட்டுக்கே வந்துடும்"னா. ஆபரேஷனுக்கு முன்னாடி ரெண்டு வாரம் லிக்விட் டயட்ல போடுவாங்க, கல்லீரல் சுருங்கினாதான் உள்ள கருவி விட்டு வேலை பார்க்க இடம் கிடைக்கும்னு. அந்த நேரத்துல மோரும் சூப்பும் குடிச்சு தலை கிர்ருனு இருக்கும்போது போன் பண்ணி "பேக்கேஜ் ஆக்டிவேட் பண்ண ஒரு ஓடிபி வரும்கா"ன்னா, சொன்னேன். அது லோன்னு ஒரு வார்த்தை சொல்லல. அடுத்த மாசம் பேங்க் மெசேஜ் வந்தப்புறம்தான் எவனோ ஒரு ஃபைனான்ஸ்காரன் என் பேர்ல கடன் போட்டு அந்த ஆப் கம்பெனிக்கு 72,000 கொடுத்திருக்கான்னே தெரிஞ்சுது.

சரி போகுது, சர்வீஸாவது ஒழுங்கா இருந்துச்சான்னா அதுவும் இல்ல. டயட் சார்ட் பிடிஎஃப்ல வந்துச்சு, மேல வேற யாரோ ஒருத்தர் பேரு. மூணாவது வாரத்துல சப்பாத்தி 2, முளைகட்டின பயறு, சாலட்! அந்த நேரத்துல எல்லாத்தையும் மிக்ஸில அடிச்சு கூழாத்தான் சாப்பிடணும்ங்கறது எனக்கு அப்புறம்தான் தெரியும். கால் சப்பாத்தி உள்ள போச்சு, நெஞ்சுக்குழில ஆணி அடிச்ச மாதிரி நின்னுடுச்சு, வாய்ல எச்சில் நுரை நுரையா ஊறுது, முழுங்கவும் முடியல துப்பவும் முடியல. அதுக்கப்புறம் தண்ணி குடிச்சாலும் வாந்தி. டயட்டீஷியன் நம்பர்ல ரெண்டு டிக் விழுது, பதில் இல்ல. ஹெல்ப்லைன்ல ஒருத்தன் "வாமிட்டிங் நார்மல் மேடம், டிக்கெட் ரெய்ஸ் பண்ணியிருக்கேன்"ங்கறான். கடைசில இங்க உள்ளூர் ஆஸ்பத்திரில அட்மிட் ஆனேன். சென்னை டாக்டர்தான் போன்லயே "முதல்ல விட்டமின் பி1 ஊசி, அதுக்கப்புறம்தான் குளுக்கோஸ்"னு அவங்ககிட்ட சொன்னார். இப்படி விடாம வாந்தி எடுத்தா பி1 குறைஞ்சு நரம்பு, மூளை வரைக்கும் பாதிக்குமாம். அதைப் போய் நார்மல்ங்கறான்.

அவங்க அனுப்பின புரோட்டீன் டின்னைத் திருப்பிப் பார்த்தா ஒரு ஸ்கூப்புல புரோட்டீன் 8 கிராம், சர்க்கரை 11 கிராம். ஒரு நாளைக்கு குறைஞ்சது 60 கிராம் புரோட்டீன் வேணும்னு சொல்லியிருக்காங்க, அப்போ ஏழெட்டு ஸ்கூப், சர்க்கரை மட்டும் எவ்வளவு ஆச்சுன்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க. இந்த வயித்துல 100, 150 மில்லி பிடிச்சாலே அதிகம். அவங்க அனுப்பின கால்சியமும் கார்பனேட் வகை, அது உடம்புல சேர வயித்துல அமிலம் வேணும், வயித்தை வெட்டின எங்களுக்கெல்லாம் சிட்ரேட் வகைதான் எழுதுவாங்களாம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டா ஒருத்தன் "ஆக்டிவேட் ஆயிடுச்சு மேடம், ரீஃபண்ட் பாலிசி இல்ல"ங்கறான். இன்னொருத்தி ஆஸ்பத்திரில கேக்கச் சொல்றா. ஆஸ்பத்திரில கேட்டா "அவங்க பேக்கேஜுக்கும் எங்களுக்கும் சம்பந்தமே இல்லம்மா, ரிவ்யூவுக்கு வந்தா எங்க டயட்டீஷியனே காசு வாங்காம பார்ப்பாங்களே"ன்னாங்க. கேட்டதும் வயிறு எரிஞ்சுது. ஃபைனான்ஸ்காரன் "நாங்க பணம் கொடுத்துட்டோம், நீங்க கட்டித்தான் ஆகணும், இல்லன்னா சிபில் அடிபடும்"ங்கறான். முதல்ல அக்கா அக்கான்னு உருகின பொண்ணு நம்பரையே பிளாக் பண்ணிட்டா. ரொம்ப கத்தினப்புறம் சமாதானமா 3,000 ரூபாய்க்கு ஒரு கூப்பன் அனுப்பினாங்க, எதுக்குத் தெரியுமா, ஹேர் டிரான்ஸ்பிளான்ட்டுக்கு! இந்த ஆபரேஷன் பண்ணா மூணாவது மாசத்துல இருந்து கொத்துக் கொத்தா முடி கொட்டும், தன்னால திரும்ப வரும்னு டாக்டர் சொல்றார், அதுலயும் யாவாரம் பாக்குறாங்க. 72,000ங்க, சும்மாவா?

பண்ணப் போறவங்களுக்கு விவரமா எழுதணும்னுதான் உக்காந்தேன், இப்போ அந்தப் பொறுமை இல்ல. நடுவுல யார் வந்தாலும் ஓடிபி சொல்லாதீங்க. "நோ காஸ்ட் ஈஎம்ஐ", அதாவது வட்டியில்லா மாசத் தவணைன்னு சொன்னாலும் அது கடன்தான். ஆபரேஷனுக்கு அப்புறம் என்ன சாப்பிடணும்னு வெட்டின ஆஸ்பத்திரிகிட்ட மட்டும் கேளுங்க, டயட்டீஷியன் நம்பரை டிஸ்சார்ஜுக்கு முன்னாடியே கையோட வாங்கிக்கோங்க. விட்டமின் ஆயுசு முழுக்க, பி12 டெஸ்ட் விடாம எடுங்க. சாப்பாட்டோட தண்ணி குடிக்காதீங்க. வாந்தி நிக்கலன்னா போன் போட்டுட்டு உக்காந்திருக்காம நேரா ஆஸ்பத்திரி போங்க.

நான் தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915 நம்பர்ல புகார் கொடுத்துட்டேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் கோர்ட், 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் கிடையாது. இதே மாதிரி பேக்கேஜ்ல மாட்டினவங்க திருச்சி, தஞ்சாவூர் பக்கம் இருந்தா இன்பாக்ஸ் வாங்க, கால் ரெக்கார்டிங், பில் எதையும் அழிச்சிடாதீங்க, சேர்ந்தே போடலாம்.