ஊர் நிலத்தில் கரும்பா, சவுக்கா?

விழுப்புரம் பக்கம் இருக்கும் எங்கள் குடும்ப நிலத்தில் பாதியைச் சவுக்குக்கு மாற்றிவிட்டோம். மீதியில் கரும்பு நிற்கிறது. ஊரில் கரும்பு போட்டுவிட்டுச் சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர்கள் நிறையப் பேர். தேக்காவில் காசு அனுப்ப நிற்கும்போது பேச்சு எப்படியோ அங்கேதான் போய் நிற்கிறது. என் சாய்வு சவுக்குப் பக்கம், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தண்ணீர்க் கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். கரும்பு வருடம் முழுக்கக் கேட்கும், சவுக்கு முதல் வருடம் தாண்டினால் அவ்வளவாகக் கேட்காது. சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீருக்கு 100 சதவீத மானியம் கிடைப்பதால் இந்த வித்தியாசம் கொஞ்சம் சுருங்குகிறது. உரத்திலும் சவுக்குக்குத்தான் லாபம். அதன் வேர் முடிச்சுகள் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துக்கொள்ளும்.

என்னை மாற்றியது இவை எதுவும் இல்லை, வெட்டுதான். கரும்பை நாம் நினைத்த நாளில் வெட்ட முடியாது. ஆலை வெட்டு உத்தரவு தர வேண்டும், ஆள் கிடைக்க வேண்டும், வண்டி வயலுக்குள் இறங்க வேண்டும். வெட்டிய கரும்பை ஒரு நாளுக்குள் அரைக்காவிட்டால் எடையும் போகும், சர்க்கரையும் போகும். வானிலை ஒழுங்காக இருந்த காலத்தில் இதெல்லாம் ஓடியது. 2016இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. 2024இல் ஃபெஞ்சல் புயல் எங்கள் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியது. மழை பொய்த்தால் இளங்குருத்துப் புழு, கொட்டித் தீர்த்தால் சாய்ந்த கரும்பு. சாய்ந்ததை வெட்டக் கூலியும் கூட, அதுவும் நம் தலையில்.

விலையிலும் அடி உண்டு. 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த விலை, 10.25 சதவீதப் பிழிதிறனுக்கு (அரைக்கும் கரும்பின் எடையில் எவ்வளவு சர்க்கரை கிடைக்கிறது என்ற கணக்கு) டன்னுக்கு 3,550 ரூபாய். 9.5க்குக் கீழே இறங்கினால் 3,290.50 ரூபாய்தான். மாநில ஊக்கத்தொகை தனி. நம் பக்கத்து ஆலைகள் பெரும்பாலும் இரண்டாவது கணக்கில்தான் வரும். கரும்பில் சர்க்கரை ஏற, கடைசி மாதங்களில் குளிர்ந்த இரவும் வறண்ட பகலும் வேண்டும். இரவு வெக்கையாக இருந்தால், ஏறிய சர்க்கரையைச் செடியே செலவழித்துவிடும். அப்போது மழையும் சேர்ந்தால் கரும்பு மறுபடி வளர ஆரம்பிக்கும், இனிக்காது. நம் வயல் நன்றாக இருந்தாலும் விலை ஆலையின் சராசரியைப் பார்த்துத்தான். (தேக்காவில் பொங்கலுக்கு வாங்கும் பன்னீர்க் கரும்பை வைத்து இதை எடை போடாதீர்கள். அது கடித்துத் தின்ன, இது அரைக்க.)

சவுக்குக்கு இந்த அவசரமே இல்லை. மூன்று நான்கு வருடத்தில் வெட்டலாம். விலை சரியில்லையா, ஆள் இல்லையா, இன்னும் ஆறு மாதம் விட்டு வைக்கலாம். மரம் அதுவரை பருக்கத்தான் செய்யும். சிங்கப்பூரிலிருந்து போனில் விவசாயம் பார்ப்பவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் புயலுக்குச் சவுக்கும் தப்பாது. 2011 டிசம்பரில் ‘தானே’ புயல் வந்தபோது கடலூர்ப் பக்கம் தோப்புகளே படுத்துவிட்டன. தண்ணீர் தேங்கும் களிமண்ணில் வைக்கவே வைக்காதீர்கள், செம்மண்ணும் மணலும்தான் அதற்கு இடம். எங்கள் சவுக்கு இன்னும் முதல் வெட்டுக்கு வரவில்லை. கடைசியில் கைக்கு என்ன வரும் என்பதில் நான் நம்பியிருப்பது பக்கத்து நிலத்துக்காரர் சொன்ன கணக்கைத்தான். வெட்டிய பிறகு கட்டை பிடுங்க ஆகும் செலவைப் பலர் சொல்வதே இல்லை, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், இது எனக்குச் சரிப்படுவதற்குக் காரணம் என் மாதச் சம்பளம். அண்ணனுக்கு அது கிடையாது. வருடா வருடம் ஆலைப் பணமும் கரும்பைக் காட்டி வாங்கும் பயிர்க்கடனும்தான் அவர் வீட்டை ஓட்டுகின்றன. அதனால் அவர் பார்க்கும் பாதியில் மறுதாம்புக் கரும்பே (வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி துளிர்ப்பது) இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.