லட்டாக்கியா என்று விற்கப்படும் புகை எசன்ஸ்: பைப் புகையிலை வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை

பைப் புகையிலையில் எதிர்பாராத சுவை வருவது குற்றமல்ல. ரோஜா, ஜெரேனியம் போன்ற பூமணம் தூக்கலாக வீசும், முதன்முறை முகர்வோருக்குச் சோப்புக் கட்டியை நினைவூட்டும் கலவைகள் இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தை ஒட்டிய கெண்டல் நகரில் தலைமுறை தலைமுறையாகத் தயாராகின்றன. அவற்றைத் தேடி வாங்குவோரும் உண்டு, அந்த டப்பாவை வீட்டுக்குள்ளேயே விடாதவர்களும் உண்டு. ஆனால் அந்த மணம் இலையின் மேல் சேர்க்கப்பட்டது என்பதை விற்பவர் மறைப்பதில்லை, வாங்குபவரும் அதை அறிந்தே வாங்குகிறார். நான் எச்சரிக்க விரும்புவது வேறொரு வணிகத்தைப் பற்றி: புட்டியில் வந்த எசன்ஸை இலையின் இயற்கைச் சுவை என்று சொல்லி, அதற்கு அரிய இலைகளின் பெயரைச் சூட்டி, அந்தப் பெயருக்குரிய விலையையும் வாங்கிக்கொள்ளும் வணிகம். அப்படிப்பட்ட ஒரு கலவையை இணையவழி விற்கும் ஒருவர் அண்மையில் என் தலையில் கட்டினார். அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. சரக்கின் அடையாளங்களைச் சொல்கிறேன், அவை போதும்.

விவரணை இப்படி இருந்தது: மணம் எதுவும் சேர்க்கப்படாத, கையால் கலக்கப்பட்ட சிறு அளவுத் தயாரிப்பு, சிரிய லட்டாக்கியா, லூசியானா பெரிக், முதிர்ந்த வர்ஜீனியா ஆகிய மூன்றே இலைகள், முதலில் விறகுப்புகை, நடுவில் அத்தியும் பிளமும், இறுதியில் மிளகின் காரம், ஒவ்வொரு இழுப்பிலும் வியப்பு. இதைப் படித்து நம்புவதற்குக் காரணம் இருக்கிறது. இந்த மூன்று இலைகளும் சேர்ந்தால், எதையும் தெளிக்காமலேயே, ஏறத்தாழ இத்தகைய சுவையைத் தரக்கூடியவைதான்.

லட்டாக்கியாவை எடுத்துக்கொள்வோம். சிரியாவின் துறைமுக நகரின் பெயரைத் தாங்கிய அந்த இலை, வெயிலில் உலர்ந்த பின் மாதக்கணக்கில் மூடிய கொட்டகைகளில் தொங்கவிடப்பட்டு, மாஸ்டிக், மிர்ட்டில், பைன், ஓக் போன்ற நறுமணமுள்ள மரங்களையும் புதர்களையும் எரித்து எழுப்பும் புகையில் ஊறுகிறது. அதன் கருநிறமும் தோல், தார், அணைந்த நெருப்பு ஆகியவற்றை நினைவூட்டும் மணமும் அந்தப் புகையிலிருந்து வருபவை. இன்று கடைகளில் கிடைக்கும் லட்டாக்கியா பெரும்பாலும் சைப்ரஸில் விளைவது. சிரியச் சரக்கு சந்தையில் அரிதாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஆகவே ‘சிரிய’ என்ற அடைமொழியைக் கண்டால் எந்த ஆண்டுச் சரக்கு, எங்கிருந்து வந்தது என்று கேட்பது வாங்குபவரின் உரிமை. நான் கேட்டேன், “பழைய கையிருப்பு” என்று இரண்டே சொற்களில் பதில் வந்தது.

பெரிக்கின் கதை இன்னும் விசித்திரமானது. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் செயின்ட் ஜேம்ஸ் பாரிஷ் என்னும் வட்டாரத்தில் விளையும் அந்த இலையின் நடுநரம்பை உருவிவிட்டு, சிறு கட்டுகளாக முறுக்கி, விஸ்கி இருந்த பழைய மரப்பீப்பாய்களில் அடைத்து, திருகு ஜாக்கியால் அழுத்தி வைக்கிறார்கள். இலை தன் சாற்றிலேயே ஊறிப் புளிக்கிறது. அவ்வப்போது வெளியே எடுத்துக் காற்றாட விட்டு மறுபடியும் அழுத்துகிறார்கள். ஓராண்டு அளவிலாவது இது நடக்கிறது. அத்திப்பழமும் வினிகரும் மிளகும் ஒன்றாகச் சேர்ந்ததைப் போன்ற அந்தச் சுவை, பழச்சாற்றின் ஒரு துளிகூடப் படாமல் நொதித்தலால் மட்டுமே வருகிறது. தனித்துப் புகைக்க மிகவும் கடுமையானது என்பதால் கலவைகளில் சிறு பங்கே சேர்ப்பார்கள். இத்தனை உழைப்புக்கும் விலை உண்டு. அந்த விலையைத்தான் நான் கொடுத்தேன்.

வந்த பொட்டலத்தில் தயாரித்த நாளும் இல்லை, இலைகளின் பட்டியலும் இல்லை. ஒரு முத்திரைத் தாள் மட்டும் ஒட்டியிருந்தது. திறந்தவுடன் புகைவாடை குப்பென்று அடித்தது. அதன் அடியில் உலர்திராட்சைச் சாறு போன்ற தட்டையான இனிப்பு வாடை. உண்மையான லட்டாக்கியாவின் மணத்தில் சிறிது புளிப்பும், தோலின் வாசனையும், ஊதுவத்தியை ஒத்த ஏதோ ஒன்றும் அடுக்கடுக்காக இருக்கும். இதில் புகை மட்டும் ஒற்றைச் சுருதியில் நின்றது. இலையைத் தொட்டால் விரலில் பிசுபிசுத்தது. ஒரு பிடியைத் தட்டில் பரப்பி வைத்தேன். சாதாரணப் புகையிலை ஒரு நாளில் மொறுமொறுவென்று காய்ந்துவிடக்கூடிய வறண்ட அறை அது. மறுநாளும் இந்த இலை வந்தபோது இருந்த ஈரத்துடனேயே இருந்தது. ஈரம் போகாமல் காக்கவும் எசன்ஸைக் கரைத்து இலையில் ஏற்றவும் பயன்படும் புரொப்பிலீன் கிளைக்கால் தாராளமாகச் சேர்ந்திருந்தால் இப்படித்தான் நடக்கும். அந்தப் பொருளைப் பல நல்ல தயாரிப்பாளர்களும் அளவாகச் சேர்க்கிறார்கள் என்பதால் அதை மட்டும் வைத்து மோசடி என்று சொல்லிவிட முடியாது. எதுவும் சேர்க்கவில்லை என்று எழுதி விற்ற சரக்கில் அது இருப்பதே என் புகார்.

பற்றவைத்த பின் நடந்தது இன்னும் தெளிவானது. முதல் சில இழுப்புகளில் விவரணையில் சொன்னபடியே புகையும் பழமும் வந்தன. பைப்பின் கிண்ணத்தில் நிரப்பியதில் மூன்றில் ஒரு பங்கு எரிவதற்குள் இரண்டும் காணாமல் போய், சூடான ஆவியும் வெற்றுக் காகிதச் சுவையும் மட்டுமே எஞ்சின. நாக்கின் நுனி எரிந்தது. அடியில் நீர் சேர்ந்து குடகுடவென்று சத்தம் கேட்டது. மேலே தெளிக்கப்பட்ட மணம் வெப்பம் பட்டதும் முதலில் பறந்துவிடும் என்பது இத்துறையில் பழகிய எவருக்கும் தெரியும். இலைக்குள்ளேயே ஊறிய சுவை அதற்கு நேர்மாறாக நடந்துகொள்ளும்: லட்டாக்கியாவும் பெரிக்கும் கிண்ணத்தின் பாதிக்குக் கீழேதான் தம் முழுக் குணத்தைக் காட்டும், சில வேளைகளில் சலிக்கும் அளவுக்கு. எனவே ஒரு கலவை நேர்மையானதா என்று ஐயம் எழுந்தால் முதல் இழுப்பை நம்பாமல் கடைசிக் கால்பங்கைக் கவனியுங்கள் என்பேன்.

ஐயத்தைத் தீர்த்துக்கொள்ள, வெளிச்சத்தில் வெள்ளைத் தாளின் மேல் இலைத் துணுக்குகளைப் பிரித்துப் பார்த்தேன். மூன்று இலைக் கலவையென்றால் வர்ஜீனியாவின் மஞ்சளும் செம்பழுப்பும், லட்டாக்கியாவின் மங்கலான கருமையும், பெரிக்கின் எண்ணெய்ப்பசையுள்ள அடர்பழுப்பும் தனித்தனியே கண்ணில் பட வேண்டும். இங்கே எல்லாத் துணுக்குகளும் ஒரே நிறம், ஒரே தடிமன். நம்பிக்கையான இடத்தில் முன்பு வாங்கிய சைப்ரஸ் லட்டாக்கியா கொஞ்சம் கைவசம் இருந்தது. அதில் சிறிதளவையும் இதில் சிறிதளவையும் இரு கோப்பைகளில் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்தேன். இரண்டு நீரும் பழுப்பாயின. புகையிலை எதுவாயினும் அப்படித்தான். இலைகளை வெளியே எடுத்து உலர்த்திய பின்தான் வேறுபாடு தெரிந்தது. சைப்ரஸ் இலை கருமை குன்றாமல், முகர்ந்தால் இன்னமும் புகை மணத்துடன் இருந்தது. மற்றது உண்மையிலேயே சாயம் வெளுத்து, புகைவாடை முழுவதையும் தண்ணீரில் விட்டுவிட்டு, பர்லி என்னும் வெளிர்பழுப்பான சாதாரணப் புகையிலையாகக் கிடந்தது. பர்லியில் சர்க்கரை மிகக் குறைவு, நுண்துளை அதிகம். ஊற்றியதையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும் என்பதால்தான் மணமூட்டிய கலவைகளுக்கு அது அடித்தளமாகிறது. மலிவான இலையும்கூட.

இவற்றைப் படங்களுடன் எழுதி அனுப்பினேன். முதல் பதிலில் என் நாக்குக்கு அபூர்வச் சுவைகள் பழக்கமில்லை என்று கூறப்பட்டது. சுவை ஆளுக்கு ஆள் மாறும் என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் சாயம் ஆளுக்கு ஆள் மாறி வெளுப்பதில்லை. இரண்டாவது பதிலில் கலவை முறை வணிக ரகசியம் என்றார்கள். விகிதம் ரகசியமாக இருக்கலாம். அதை யாரும் கேட்கவில்லை. எசன்ஸ் சேர்த்தீர்களா, இல்லையா என்பது ரகசியம் ஆகாது. வெட்டுவதற்கு முன் இலையைச் சர்க்கரை, கோகோ, அதிமதுரம் போன்றவற்றின் கரைசலில் நனைத்துப் பதப்படுத்துவது பரவலான வழக்கம், அதைக் ‘கேசிங்’ என்பார்கள். அதைத்தான் செய்தோம் என்று மூன்றாவது பதிலில் மெல்லப் பின்வாங்கினார்கள். கேசிங் இலையின் கரடுமுரடைத் தணிக்கும். பர்லியை லட்டாக்கியா ஆக்கும் கேசிங் ஒன்றும் இல்லை.

வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குச் சுவை மட்டும் காரணமல்ல. புகையிலையே உடலுக்குக் கேடு என்பது தெரிந்ததுதான். ஆனாலும் எதை எரித்து உள்ளிழுக்கிறோம் என்பதை அறியும் உரிமை அதனால் இல்லாமல் போய்விடாது. பழைய கலவைகளில் வெனிலாவை ஒத்த இனிய மணத்துக்காக டோங்கா விதையையும், அமெரிக்காவின் தென்கிழக்கில் வளரும் ‘மான் நாக்கு’ என்னும் செடியின் இலையையும் சேர்த்தார்கள். இரண்டின் மணத்துக்கும் காரணம் கூமரின் என்னும் வேதிப்பொருள். கல்லீரலுக்குத் தீங்கு செய்யக்கூடியது என்பதால் அதை உணவில் சேர்ப்பதற்கு அமெரிக்கா 1954-இலேயே தடை விதித்தது. மான் நாக்கு இலை சேர்ந்த கலவையை விரும்புபவர் அறிந்தே வாங்கட்டும். “இயற்கை” என்ற ஒற்றைச் சொல்லை நம்பி வாங்குபவருக்குப் பெயர் தெரியாத ஒரு கரைசலைக் கொடுப்பது வேறு விவகாரம்.

இன்னொரு நட்டமும் உண்டு. இந்தக் கலவையைப் புகைத்த, பிரையர் என்னும் மரக்கட்டையில் செய்த பைப்பில் அதன் வாடை ஏறிக்கொண்டது. பிறகு எந்த வர்ஜீனியாவை நிரப்பினாலும் அந்தச் செயற்கைப் புகைவாடைதான் முன்னால் வந்து நிற்கிறது. உள்ளே படிந்திருந்த கரிப்படலத்தைச் சுரண்டி எடுத்து, கிண்ணத்தில் உப்பை நிரப்பிச் சாராயத்தில் ஊறவைத்த பிறகு பெருமளவு குறைந்தது, முற்றிலும் போகவில்லை. தெரியாத இடத்திலிருந்து வரும் கலவையை முதலில் மக்காச்சோளக் கட்டையில் செய்த மலிவான பைப்பில் சோதித்துப் பாருங்கள்; பாழானால் தூக்கி எறிந்துவிடலாம்.

வாங்குவதற்கு முன், தெளிப்பு மணம் உண்டா, அடித்தள இலை எது, லட்டாக்கியா எந்த நாட்டுடையது என்று எழுத்து மூலமாகக் கேட்டு, பதிலைச் சேமித்து வையுங்கள். நேர்மையான கலப்பாளர்கள் இவற்றுக்கு மகிழ்ச்சியுடன், சில வேளைகளில் நாம் கேட்டதற்கும் மேலாகவே, பதில் சொல்வதைக் கண்டிருக்கிறேன். இந்த விற்பனையாளர் பணத்தைத் திருப்பித் தரவில்லை; அடுத்த கொள்முதலுக்கு ஒரு தள்ளுபடிக் குறியீட்டை அனுப்பினார். அண்மையில் பார்த்தபோது அந்தக் கலவையின் விவரணையிலிருந்து ‘சிரிய’ என்ற சொல் மட்டும் நீக்கப்பட்டிருந்தது. மணம் எதுவும் சேர்க்கப்படவில்லை என்ற வரியும் விலையும் அப்படியே இருக்கின்றன.