ஏழு பொங்கல், ஒரே கேமரா

2017 கடைசியில் கேனான் செவன் டி மார்க் டூ கேமராவையும் 70-200 எஃப் 4 ஜூம் லென்ஸையும் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். (எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அதிக வெளிச்சத்தை உள்ளே விடும்.) 2018 தை முதல் 2024 தை வரை அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று ஜல்லிக்கட்டுக்கு இந்த ஒரு செட்டைத்தான் தூக்கிக்கொண்டு அலைந்தேன். நடுநடுவே மாட்டு வண்டிப் பந்தயமும் உண்டு. கல்யாணத்துக்கு இது எப்படி என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. ஓடுகிற மாட்டுக்கு எப்படி என்று சொல்கிறேன்.

முதல் வருடம் ஷட்டர் வேகம் 1/500 நொடி போதும் என்று நினைத்தேன். மாட்டின் உடம்பு ஷார்ப்பாக விழுந்தது, ஆனால் கொம்பு நுனியும் குளம்பும் கரைந்து போயிருந்தன. காளை ஓடுகிற வேகம் வேறு, தலையை ஒரு உதறு உதறுகிற வேகம் வேறு. 1/1600-க்கு ஏறிய பிறகுதான் கொம்பு கொம்பாகத் தெரிந்தது. 1/2000-ல் தரையில் பரப்பிய தென்னை நார் இழை இழையாக அந்தரத்தில் நிற்கும்.

வெளிச்சத்தை மட்டும் கேமராவிடம் விடவே கூடாது. காரி மாடு ஃபிரேமை அடைத்துக்கொண்டு வந்தால், வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் அந்தக் கறுப்பைப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் வெளுத்துவிடும். அடுத்து வெள்ளை மாடு வந்தால் வீரர்களின் முகமெல்லாம் இருட்டு. அதனால் எல்லாவற்றையும் நானே வைக்கும் மேனுவல்தான், ஆட்டோ ஐஎஸ்ஓவும் (ஐஎஸ்ஓ ஏறினால் படம் வெளிச்சமாகும்) கிடையாது. காலை ஏழரை மணிப் பனி வெளிச்சத்தில் எஃப் 4, 1/1000, ஐஎஸ்ஓ 800-ல் தொடங்குவேன். பத்து மணிக்கு வெயில் ஏறியதும் எஃப் 5.6, 1/2000, ஐஎஸ்ஓ 320. முதலில் அவிழ்த்து விடுவது கோயில் காளை. அதை யாரும் பிடிக்க மாட்டார்கள். எனக்கு அதுதான் டெஸ்ட் ஷாட். அது போய் முடிவதற்குள் செட்டிங்கைச் சரி பார்த்துவிட வேண்டும். வாடிவாசலுக்கு உள்ளே இருட்டாகத்தான் தெரியும், அதற்காக ஐஎஸ்ஓவை ஏற்றாதீர்கள். மாடு வெளியே வந்து விழும் வெயிலுக்குத்தான் கணக்கு.

இந்த கேமராவை நான் விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் ஃபோகஸ். 65 புள்ளிகள், ஓடுவதை ஃபோகஸ் எப்படித் தொடர வேண்டும் என்பதற்கு மெனுவில் கேஸ் 1 முதல் 6 வரை ஆறு வகை. கேஸ் 1-ல் வைத்திருந்தபோது, மாட்டுக்கும் எனக்கும் நடுவே ஒரு வீரர் பாய்ந்தால் போதும், ஃபோகஸ் அவர் முதுகுக்கு ஓடிவிடும். கேஸ் 2 குறுக்கே வருவதைக் கண்டுகொள்ளாமல் பழைய ஆளையே பிடித்துக்கொண்டிருக்கும். அதிலும் டிராக்கிங் சென்சிட்டிவிட்டியை (ஃபோகஸ் எவ்வளவு சீக்கிரம் வேறொன்றுக்குத் தாவும் என்பதை) மைனஸ் 2-க்கு இறக்கி வைத்திருக்கிறேன். ஒரு சிக்கல் உண்டு: முதல் பிடியே தடுப்பு வேலியில் விழுந்துவிட்டால் அதையும் விடாது. அதற்காகத்தான் ஃபோகஸை ஷட்டர் பட்டனிலிருந்து எடுத்துப் பின்னால் கட்டை விரலுக்குக் கொடுத்துவிட்டேன். தப்பாகப் பிடித்தால் விரலை எடுத்து மறுபடி அழுத்தினால் சரி. கை பழக எனக்கு ஒரு மாதம் ஆனது. வீட்டு நாயைப் பூங்காவில் ஓடவிட்டுப் பழகினேன்.

நொடிக்கு 10 படம் என்றதும் மயங்கிவிடாதீர்கள். சென்சார் பார்த்ததை அப்படியே வைக்கும் பெரிய ரா ஃபைலில், 31 படத்தோடு பஃபர் (கார்டில் எழுதும் வரை படங்களைத் தாங்கும் இடம்) நிரம்பிவிடும், அதாவது மூன்று நொடி. மாடு வாசலில் தலை காட்டியதுமே அழுத்தினால், அது துள்ளித் திரும்பி ஒருவர் திமிலில் தொங்கும் நேரத்தில் கேமரா திணறிக்கொண்டிருக்கும். ஒரு வருடம் மலிவாகக் கிடைத்ததே என்று வாங்கிய கார்டு இன்னும் மெதுவாக எழுதியதில், நல்ல மாடு நாலைந்து கண்ணெதிரே போய்விட்டது. இப்போது சுருக்கிய சின்ன ஃபைலான ஜேபெக்தான் எடுக்கிறேன். அதையும் நாலு, ஐந்து படமாக விட்டு விட்டு.

வண்டிப் பந்தயத்தில் கதை தலைகீழ். அங்கே 1/2000 வைத்தால் சக்கரம் நின்றுபோய், வண்டியை ரோட்டில் நிறுத்திப் படம் பிடித்த மாதிரி இருக்கும். 1/80-க்கு இறங்கி, லென்ஸின் நடுக்கம் அடக்கும் ஸ்டெபிலைசரை மோடு 2-ல் (பக்கவாட்டு அசைவை விட்டு மேல்கீழ் நடுக்கத்தை மட்டும் அடக்கும்) போட்டு, இடுப்பிலிருந்து திரும்பிக்கொண்டே எடுக்க வேண்டும். இருபது படத்தில் ஒன்று தேறும். சாரதியின் முகம் நிற்க, பின்னால் கூட்டம் கோடு கோடாக இழுபட்ட அந்த ஒரு படத்துக்காக மற்ற பத்தொன்பதை அழிக்கலாம்.

2020-ல் நான் செய்த முட்டாள்தனம் ஒன்று: புழுதி பறக்கும் இடத்திலேயே லென்ஸைக் கழற்றி மாட்டினேன். அந்த வருடத்து வானம் முழுக்கக் கறுப்புப் பொட்டு. சென்சாரைச் சுத்தம் செய்யக் கொடுத்தேன், அதன் பிறகு கூட்டத்தில் லென்ஸைத் தொடுவதே இல்லை.

2024-ல் நண்பரின் மிரர்லெஸ் கேமராவை (உள்ளே கண்ணாடி இல்லாத புது வகை) ஒரு மணி நேரம் வாங்கிப் பார்த்தேன். ஃபோகஸ் பெட்டி தானாகப் போய் மாட்டின் கண்ணில் உட்காருகிறது, பொறாமையாகத்தான் இருந்தது. ஆனால் ஐந்து பேர் மேலே விழுந்து மாடு மறைந்தால் அதுவும் தேடுகிறது. பணம் சேர்ந்தால் முதலில் லென்ஸைத்தான் மாற்றுவேன். எஃப் 2.8 இருந்தால் அந்த ஏழரை மணி மாடுகளை ஐஎஸ்ஓ 400-லேயே எடுக்கலாம்.