ஹன்னா எச்ஐ772: பவளத் தொட்டிக்கு வாங்க வேண்டிய முதல் அளவுகருவி

கல் பவளம் வளர்க்கும் வீட்டுத் தொட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் அடிக்கடி அளக்க முடியும் என்றால், காரத்தன்மையை, அதாவது நீரில் கரைந்திருக்கும் கார்பனேட், பைகார்பனேட்டின் அளவை, அளக்க வேண்டும். பவளம் தன் எலும்புக்கூட்டைக் கட்டும்போது கால்சியத்தையும் கார்பனேட்டையும் சேர்த்தே நீரிலிருந்து எடுக்கிறது. காரத்தன்மை 1 டிகேஎச் (காரத்தன்மையின் அலகு) இறங்கும்போது கால்சியம் ஏறக்குறைய 7 பிபிஎம்தான் (பத்து லட்சத்தில் ஏழு பங்கு) இறங்கும். 420இல் இருந்து 413க்கு வந்ததை வீட்டில் வைத்திருக்கும் கால்சியம் கிட்டை வைத்து நம்பிச் சொல்ல முடியாது. டிகேஎச் 8.5இல் இருந்து 7.5 ஆனால் உடனே தெரிந்துவிடும். தொட்டியின் பசி முதலில் தெரிவது இங்கேதான்.

ஹன்னா நிறுவனத்தின் எச்ஐ772 கைக்கடக்கமான கருவி, ஒரே பட்டன், ஒரு ட்ரிபிள்-ஏ பேட்டரி. 10 மில்லி தொட்டி நீர், 1 மில்லி ரீஏஜென்ட் (சோதனைத் திரவம்), அவ்வளவுதான் செலவு. ரீஏஜென்ட்டில் அளவான அமிலமும் நிறம் மாறும் சாயமும் இருக்கின்றன. நீரின் காரத்தன்மைக்கு ஏற்ப மஞ்சளிலிருந்து பச்சை கலந்த நீலம் வரை நிறம் மாறும். அந்த நிறத்தைக் கருவி ஒளியால் அளந்து 0 முதல் 20 டிகேஎச் வரை எண்ணாகக் காட்டும். சொட்டுச் சொட்டாக விட்டு நிறம் பார்க்கும் கிட்களில், நிறம் மாறியது எந்தச் சொட்டில் என்பதே தகராறு. நீல எல்இடி வெளிச்சத்துக்குக் கீழே நின்று பார்த்தால் இன்னும் மோசம். இந்தக் கருவியில் அந்தக் குழப்பமே இல்லை.

செய்முறை எளிது. குவெட்டை, அதாவது கருவிக்குள் வைக்கும் சிறு கண்ணாடிக் குப்பியை, தொட்டி நீரால் இரண்டு முறை அலசி, 10 மில்லி நிரப்பி, வெளிப்புறத்தை நூல் உதிராத துணியால் துடைத்து உள்ளே வைக்க வேண்டும். திரையில் சி1 வந்ததும் பட்டனை அழுத்தினால், அந்த நீரையே கருவி பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். சி2 வந்ததும் குவெட்டை வெளியே எடுத்து, சிரிஞ்சால் 1 மில்லி ரீஏஜென்ட் விட்டு, மூடி, ஐந்து முறை மெல்லத் தலைகீழாகத் திருப்பி, மறுபடி வைத்து அழுத்தினால் விடை. குலுக்கக் கூடாது. குலுக்கினால் நுண்குமிழ்கள் கண்ணாடிச் சுவரில் ஒட்டி ஒளியைச் சிதறடிக்கும்.

பிழை பெரும்பாலும் சிரிஞ்சில்தான் நுழைகிறது. ரீஏஜென்ட்டை இழுக்கும்போது நுனியில் ஒரு காற்றுக்குமிழ் மாட்டினால் 1 மில்லிக்குப் பதில் 0.9தான் போகும். அமிலம் குறைந்தால் கருவி காரத்தன்மையைக் கூட்டிக் காட்டும். எண் நன்றாக இருக்கிறதே என்று நீங்கள் டோசிங்கை (குறைந்ததை ஈடுகட்ட அன்றாடம் கரைசல் விடுவதை) குறைப்பீர்கள், தொட்டி நிஜத்தில் இறங்கிக்கொண்டே போகும். நீர் 10 மில்லியைத் தாண்டினாலும் இதே விளைவுதான். அதனால் குவெட்டின் கோட்டைக் கண்ணால் மட்டும் நம்பாமல், நீருக்கென்று தனியாக ஒரு 10 மில்லி சிரிஞ்ச் வைத்துக்கொள்ளுங்கள். ரீஏஜென்ட் சிரிஞ்சில் கொஞ்சம் அதிகமாக இழுத்து, குமிழை மேலே தட்டி வெளியேற்றி, பிறகு 1 மில்லிக்குக் கொண்டுவாருங்கள்.

நம் கடலோர ஊர்களுக்கென்று ஒரு தொந்தரவும் உண்டு. சில்லர் (நீரைக் குளிர்விக்கும் கருவி) போட்டு 25 டிகிரியில் ஓடும் தொட்டியின் நீரை, புழுக்கமான நாளில் ஏசி இல்லாத அறையில் குவெட்டில் ஊற்றினால், கண்ணாடிமேல் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் படியும். சி1க்கும் சி2க்கும் நடுவில் அது கூடினால் எண் தடுமாறும். நீர் அறை வெப்பத்துக்கு வரும்வரை பத்து நிமிடம் மூடி வைத்துவிட்டு அளப்பது நல்லது. ஒவ்வொரு முறையும் அழுத்துவதற்கு முன்னால் மறுபடி துடைக்க வேண்டும். குவெட்டின் 10 மில்லிக் குறி இரண்டு முறையும் ஒரே பக்கம் பார்க்கட்டும்.

துல்லியம் பற்றி நேராகச் சொல்ல வேண்டும். அறிவிக்கப்பட்ட பிழை எல்லை ±0.3 டிகேஎச், அதோடு காட்டும் எண்ணில் 5 சதவீதம். 8 என்று காட்டினால் நிஜம் 7.3 முதல் 8.7 வரை எங்கேயும் இருக்கலாம். 8.2 காட்டியது நேற்று, 8.0 காட்டுகிறது இன்று என்று உடனே காரத்தன்மையைக் கூட்டும் பொடியைத் தூக்க வேண்டாம். இந்தக் கருவியின் பலம் சரிவைக் காட்டுவதில் இருக்கிறது. ஒரே கை, ஒரே சிரிஞ்ச், ஒரே நேரம் என்று அளந்தால் பிழையில் பெரும்பகுதி எல்லா அளவிலும் ஒரே பக்கம் சாயும், வித்தியாசம் நம்பத்தக்கதாக இருக்கும்.

உதாரணமாக, கல்லும் மணலும் போக 200 லிட்டர் நீர் உள்ள தொட்டி. டோசிங்கை நிறுத்திவிட்டு திங்கள் மாலை அளந்தால் 8.6, வியாழன் அதே நேரத்தில் 7.1. மூன்று நாளில் 1.5, அதாவது நாளுக்கு 0.5 டிகேஎச். 100 லிட்டரை 1 டிகேஎச் உயர்த்த 3 கிராம் ஆப்ப சோடா வேண்டும். எனவே இந்தத் தொட்டிக்கு நாளொன்றுக்கு 3 கிராம். 60 கிராமை ஒரு லிட்டர் ஆர்ஓ நீரில் கரைத்தால் தினம் 50 மில்லி. பேக்கிங் பவுடர் வேறு பொருள், அதைத் தொடாதீர்கள். கால்சியத்தை ஈடுகட்ட விடும் கால்சியம் குளோரைடு கரைசலை இதே இடத்தில், இதே நேரத்தில் ஊற்றினால் வெள்ளையாகப் படிந்துவிடும். தாழ்ந்துபோன தொட்டியை ஒரே நாளில் 1 டிகேஎச்சுக்கு மேல் தூக்காதீர்கள். ஊட்டச்சத்து மிகக் குறைந்த நீரில் காரத்தன்மை உயர்ந்தால் அக்ரோபோரா என்ற கிளைக் கல் பவளத்தின் நுனிகள் வெந்ததுபோல் வெளுக்கும். இயற்கைக் கடலில் ஏறக்குறைய 7 டிகேஎச்தான் இருக்கிறது. 8 பக்கம் அசையாமல் நிற்கும் தொட்டி, 11க்கும் 8க்கும் ஊசலாடும் தொட்டியைவிடப் பல மடங்கு மேல்.

கருவி சரியா என்று பார்க்க, ஆப்ப சோடாவை ஆர்ஓ நீரில் கரைத்து மாதிரிக் கரைசல் செய்ய வேண்டாம். இது கடல்நீருக்காக அமைத்த கருவி, உப்பில்லாத நீரில் சாயத்தின் நடத்தை மாறும். இதற்கென்றே விற்கும் சோதனைக் குவெட் ஜோடியைப் பயன்படுத்துங்கள். புதிய ரீஏஜென்ட் புட்டி திறக்கும் நாளில், பழையதில் மிச்சம் வைத்து ஒரே நீரை இரண்டாலும் அளந்து வித்தியாசத்தைக் குறித்துவையுங்கள். இதைச் செய்யாதவர்கள்தான் புட்டி மாறியதைத் தொட்டி மாறியதாக நினைத்து அலைகிறார்கள்.

ஒரு புட்டி 25 சோதனைக்கு வரும். தினமும் அளந்தால் மாதம் முடியுமுன் காலி, ஆக நீண்ட காலச் செலவு ரீஏஜென்ட்டில்தான். டோசிங் நிலைப்படும்வரை ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு வாரம் இரண்டு முறை போதும். மென்பவளம் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு, வாரம் ஒருமுறை நீர் மாற்றுபவர்களாக இருந்தால், சொட்டுக் கிட்டே தாராளம்.

இதே நிறுவனத்தின் கால்சியம் கருவியை இதே உற்சாகத்தோடு சொல்ல முடியாது. அதற்கு 0.1 மில்லி நீரை அளந்து எடுக்க வேண்டும், கை சற்றுப் பிசகினாலும் விடை பல பிபிஎம் நகரும். கால்சியத்துக்குச் சொட்டுக் கிட் போதும்.

வாங்கும்போது எண்ணைப் பார்த்து வாங்குங்கள். எச்ஐ755 இதே கடல்நீர்க் காரத்தன்மையை பிபிஎம்மில் காட்டும், 17.9ஆல் வகுத்தால் டிகேஎச். எச்ஐ775 நன்னீருக்கானது, பவளத் தொட்டிக்கு ஆகாது. ரீஏஜென்ட் புட்டியின் காலாவதித் தேதியையும் கடையிலேயே பார்த்துவிடுங்கள்.